கடைமடையில் முதல் மண்வெட்டி

கொடுரோ,
12 ஜூலை 1987

அக்கா பெனினாவுக்கு,

ரிஸ்பா எழுதுகிறேன். நலமா என்று கேட்கவில்லை. நலம் என்றுதான் எழுதுவீர்கள், அதற்கு ஒரு வரி வீண். தாள் தண்ணீர்ச் சங்கத்தினுடையது.

சங்கம் இந்த முறை பாய்ச்சலைத் தலைகீழாக மாற்றியிருக்கிறது. முதல் தண்ணீர் கடைமடையான நமக்கு. மேலே இருப்பவர்களுக்கு அதற்குப் பிறகுதான். மூன்று வருடம் கத்தி வாங்கிய முறை இது. செப்டம்பர் முதல் வாரத்தில் கடைமடையில் எல்லா வீடும் ஒன்றாக நாற்று விட வேண்டும். ஒன்றாக விதைத்தால் ஒன்றாக அறுக்கலாம். ஜனவரியில் நெல் வீடு சேர்ந்துவிட்டால் மார்ச்சில் வயல்கள் காலி. வடிகால் மதகைத் திறந்தே வைக்கலாம். ஏப்ரலில் ஆறு பெருகினால் வெள்ளம் சதுப்புக்குப் போய்விடும். யாராவது ஒருவர் பிந்தி விதைத்து, அவர் வயலில் பயிர் நின்றால், அவருக்காக மதகை மூட வேண்டும். மூடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தடை ஒன்றே ஒன்று. நீங்கள்.

நம் குடும்பத்தின் பதினொரு வீட்டு வயல்களும் கடைமடையின் நட்டநடுவில் கிடக்கின்றன. மூத்த மகனின் மூத்த மனைவி நீங்கள், இளைய மனைவி நான். உங்கள் கை விதை மண்ணில் விழாமல் மற்றப் பத்துப் பேரும் விதைக்க மாட்டார்கள். சின்ன மாமனார் ஒகாலோ கூட்டத்தில் எழுந்து, "மூத்தவளை முந்திக்கிட்டு இளையவ விதைச்சா, அந்தச் சோறு எந்தப் பிள்ளை உடம்புலயும் ஒட்டாது" என்றார். பெண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

வடிகாலில் போட்ட மண்ணும் அப்படியே கிடக்கிறது. பதினைந்து தப்படி நீளம். அத்தையின் சாவுக்குப் போட்ட மண், மூத்த மருமகள் சொல்லாமல் தொடக் கூடாதாம்.

ஆகஸ்ட் முப்பதுக்குள் வாருங்கள். இரண்டு நாள் போதும். என் வீட்டில் தங்கப் பிடிக்காவிட்டால் பள்ளியில் பாய் போடச் சொல்கிறேன்.

ரிஸ்பா


கெரிச்சோ மேடு,
25 ஜூலை 1987

ரிஸ்பாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் வீட்டைப் பற்றி ஒரு சொல் இருக்கும் என்று தேடினேன். இல்லை.

பதினெட்டு வருடப் பாடக் குறிப்புகள் அந்த வீட்டில் இருந்தன. ஈரத்தில் ஊறிய சுவர் முதலில் உள்பக்கமாகத்தான் விழும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இந்த ஏப்ரலில் மாமியாரைப் புதைத்து மூன்றாம் நாள், துக்கம் கலையாத வீட்டில், யாரும் மண்வெட்டியைத் தொடக் கூடாத நேரத்தில், நீ போய்க் கரையை வெட்டினாய். வெள்ளத்துக்கு நீ காட்டிய வழி என் வாசல் வழி. இன்றுவரை அதைப் பற்றி நீ பேசவில்லை. இப்போது நாற்றுவிட அழைக்கிறாய்.

இங்கே நான் அமைதியாக இருக்கிறேன். ஆறாம் வகுப்புக்குக் கணக்கும் புவியியலும். தினமும் காலை ஏழு மணிக்குப் பள்ளித் தோட்டத்து மழைமானியைப் பார்த்து அளவெழுதுவதும் என் வேலை. என்னோடு பாடம் நடத்தும் செபெட் இந்த மலைக்காரி. நேற்று நான் எழுதிக்கொண்டிருந்தபோது, "எழுதுங்க டீச்சர், எழுதுங்க. எங்க ஊர் மழைதான் உங்க ஊருக்கு நடந்து போகுது" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வரமாட்டேன். நீயே முதல் விதையைப் போடு. எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்தக் கடிதத்தை ஒகாலோவிடம் காட்டு.

பெனினா


கொடுரோ,
5 ஆகஸ்ட் 1987

அக்காவுக்கு,

காட்டினேன். அவருக்குக் கண் தெரியாது, நான்தான் படித்துக் காட்டினேன். வீட்டைப் பற்றிய பகுதியையும் விடாமல் படித்தேன். கேட்டுவிட்டு, "மூத்தவளே இளையவளுக்கு வழி விடுறாளா? அப்ப அவ செத்துட்டாளா, இல்ல நம்மளை விட்டுட்டாளா? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லு" என்றார். சொல்லுங்கள்.

நம் வீட்டுக்காரருக்கும் மொம்பாசாவுக்கு எழுதினேன். பதில் வந்தது. நான்கு வரி. துறைமுகத்துக்குப் பெரிய கப்பல் வந்திருக்கிறதாம். நீங்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள், இரண்டு பேருக்கும் என் அன்பு, என்று எழுதியிருக்கிறார். அவருடைய அன்பில் பாதியை உங்களுக்கு அனுப்புகிறேன். வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு என் பாதியே அதிகம்.

சந்தையில் மேல்மடைக்காரி அபூயா ஒமேனாக் கருவாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி, என் பிறந்த ஊரைச் சொல்லியே கேட்கிறாள். "என்னடி சேமேக்காரி, முதல் தண்ணி உங்களுக்குத்தான்னு குதிச்சியே? ராணி வராம நெல்லு முளைக்காதாமே? உங்க வயல்ல தவளைதான் இந்த வருஷம் அறுவடை."

"தவளைக் குழம்பு வச்சா உனக்கும் ஒரு கிண்ணம் குடுத்தனுப்புறேன், கவலப்படாத" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் சொன்னது உண்மை. செப்டம்பர் ஏழுக்குள் நாம் விதைக்காவிட்டால் முதல் தண்ணீர் மேல்மடைக்குப் போய்விடும். அப்புறம் நமக்கு நவம்பரில். அறுவடை ஏப்ரலில். ஏப்ரலில் என்ன வரும்?

உங்கள் வீட்டைப் பற்றி ஒரு சொல் வேண்டும் என்றீர்கள். இதோ. ஆமாம், நான்தான் வெட்டினேன். தெரிந்தே வெட்டினேன். அந்தப் பக்கம் வெட்டாவிட்டால் கீழ்வரிசை முப்பது வீட்டிலும் தண்ணீர் கழுத்தளவு. துக்கத்துக்கு வந்த உறவெல்லாம் அந்த வீடுகளில்தான் குழந்தைகளோடு இருந்தது. உங்கள் வீட்டில் யாரும் இல்லை. நீங்கள் மாமியார் குழிமேட்டுப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருந்தீர்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினேன். மறுபடியும் அப்படி வந்தால் மறுபடியும் வெட்டுவேன்.

ரிஸ்பா


கெரிச்சோ மேடு,
14 ஆகஸ்ட் 1987

ரிஸ்பாவுக்கு,

இத்துடன் ஒரு பை வருகிறது. பேருந்து நடத்துனர் ஒச்சோலாவிடம் கொடுத்திருக்கிறேன். இரண்டு கிலோ விதைநெல். என் கையால் புடைத்து, என் கையால் கட்டியது. இதை வயலில் போடுங்கள், என் விதையாகவே கணக்கு. பெரியவர் ஒகாலோவாலும் மறுக்க முடியாது.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு நாளாக எழுதி எழுதி அடிக்கிறேன்.

மாமியாரைப் புதைத்த இரண்டாம் நாள் சமையல் கொட்டகையில் நீ என்னிடம் கேட்டாயே. அதை யாரிடமாவது சொன்னாயா?

பெனினா


கொடுரோ,
19 ஆகஸ்ட் 1987

அக்காவுக்கு,

பை வந்தது. ஒகாலோ அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். நல்ல நெல் என்றார். பிறகு, "கை வரணும்டி. பை வந்தா எப்படி?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பானையில் போட்டு மூடி வைத்திருக்கிறேன். எலி தொடாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இல்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அன்று நீங்கள் களி கிண்டிக்கொண்டிருந்தீர்கள். அத்தையின் பெட்டி வந்த லாரி வாசல் தாண்டி வரவேண்டும் என்று ஆண்கள் வடிகாலில் மண் கொட்டி வழி போட்டிருந்தார்கள். லாரி வந்து போய்விட்டது. மண் மட்டும் நின்றது. மலைப் பக்கம் வானம் கருத்திருந்தது. நான் உங்கள் காதோடு, "அக்கா, அந்த மண்ணை இன்னிக்கே எடுத்துடலாம், நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஆம்பளைங்க எடுத்துடுவாங்க" என்றேன். நீங்கள் துடுப்பை நிறுத்தவே இல்லை. "துக்க வீட்டுல குழி தோண்டினா ரெண்டாவது குழின்னு அர்த்தம். வாய மூடிட்டு வெறகைத் தள்ளு" என்றீர்கள். நான் தள்ளினேன்.

மறுநாள் மத்தியானம் தண்ணீர் வந்தது. நான் கரையை வெட்டினேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். துக்கத்தில் மண்வெட்டி எடுத்தவள் என்று பெயர். ஓரகத்தியின் கன்றுக்குட்டி செத்தது, என்னால். கிணற்றுத் தண்ணீர் கலங்கியது, என்னால். என் மகளுக்கு அம்மை வந்தபோது ஒருத்திகூட எட்டிப் பார்க்கவில்லை. நீங்கள் மே மாதம் வரை இங்கேதான் இருந்தீர்கள். கேட்டுக்கொண்டுதான் இருந்தீர்கள்.

நான் ஏன் சொல்லவில்லை என்று நினைக்கிறீர்களோ. மூத்தவள் வாய்க்கு முன்னால் இளையவள் வாய் எம்மாத்திரம்? சொன்னால், தப்பை மூடப் பொய் சொல்கிறாள் என்பார்கள். அதைத் தவிர வேறு காரணமும் உண்டு. அதை எழுத வரவில்லை.

இன்னும் பத்தொன்பது நாள்.

ரிஸ்பா


கெரிச்சோ மேடு,
24 ஆகஸ்ட் 1987

ரிஸ்பா,

உன் கடிதம் வந்த அன்று பள்ளியில் பழைய மழைப் பதிவேட்டை எடுத்தேன். ஏப்ரல் மாதப் பக்கம். நமக்கு வெள்ளம் வந்த நாளுக்கு முந்தைய காலை வரையான அளவு அறுபத்தெட்டு மில்லிமீட்டர். வெள்ளம் வந்த அன்று காலை வரை எழுபத்து நான்கு. எனக்கு முன் இருந்த ஆசிரியரின் அழகான கையெழுத்து. அந்த எண்களை ஒருவர் எழுதி, மை காயவிட்டு, பதிவேட்டை மூடிவைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார். கீழே நான் களி கிண்டிக்கொண்டிருந்தேன். உனக்கு எந்த எண்ணும் தெரியாது. வானத்தைப் பார்த்துச் சொன்னாய்.

என்னைப் பற்றி நானே நினைத்துப் பார்த்தேன். எனக்கு அந்தச் சாத்திரத்தில் நம்பிக்கை இருந்ததா? இல்லை. கல்லூரியில் படித்தவள், புவியியல் நடத்துகிறவள். ஆனால் அன்று கொட்டகையில் இருபது பெண்கள் இருந்தார்கள். மாமியார் போன பிறகு வீட்டின் பெரிய பெண் நான்தான் என்பதை அவர்கள் பார்க்க வேண்டியிருந்தது. நீ சொல்லி நான் கேட்டதாக ஆகக் கூடாது. அவ்வளவுதான். இரண்டாவது குழி என்பதெல்லாம் வாயில் வந்த சாக்கு.

வெள்ளம் வடிந்த பின் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். தினமும் காலையில் சொல்லிவிடலாம் என்று எழுவேன். யாராவது உன்னைத் திட்டிக்கொண்டு வருவார்கள், என் வீடு விழுந்ததற்கு எனக்காக அழுவார்கள். அந்த அழுகை எனக்கு வேண்டியிருந்தது. பிறகு உன் முகத்தைப் பார்க்க முடியாமல் இங்கே ஓடிவந்தேன். கோபத்தில் போனாள் என்று ஊர் நினைத்தது. நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன்.

இத்துடன் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நடந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன். கூட்டத்தில் படி. என்னால் அவர்கள் முன்னால் வந்து நிற்க முடியும் என்று தோன்றவில்லை.

பெனினா


கொடுரோ,
27 ஆகஸ்ட் 1987

அக்காவுக்கு,

தாளைப் படிக்கவில்லை. மடித்து உங்கள் விதைப் பானையில் போட்டுவிட்டேன்.

நான் படித்தால் நானே எழுதிக்கொண்டேன் என்பார்கள். ஒகாலோவுக்குக் கண் தெரியாது, காது கேட்கும். உங்கள் குரல் வேண்டும். பை வந்ததற்கு என்ன சொன்னாரோ அதுதான் தாளுக்கும்.

சங்கத் தலைவரிடம் செப்டம்பர் நான்காம் தேதி வெள்ளிக்கிழமை விதைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கடைமடை முழுவதற்கும். நாற்பத்தாறு வீடு. வரப்பு கட்டியாயிற்று, நாற்றங்கால் உழுதாயிற்று. உங்களைக் கேட்காமல்தான் எழுதிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை மதியப் பேருந்து. ஒச்சோலாவிடம் முன்னிருக்கை பிடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

பாய் என் வீட்டில்தான் போட்டிருக்கிறேன். பள்ளியில் மூட்டைப்பூச்சி.

ரிஸ்பா


கெரிச்சோ மேடு,
9 செப்டம்பர் 1987

ரிஸ்பா,

கரும்பலகையில் எழுதும்போது சாக்கட்டி கையில் நிற்கவில்லை. கொப்புளம். செபெட் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் டீச்சர், விதை போடப் போறேன்னுதானே சொன்னீங்க? கல்லு உடைச்சீங்களா?" என்றாள்.

கூட்டத்தில் நான் பேசும்போது உன் பக்கம் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நின்றிருப்பேன். "அவ கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். அவ கரைய வெட்டலன்னா இங்க உக்காந்திருக்கிற பாதிப் பேரு இல்ல" என்று சொல்லி முடித்தேன். முதலில் வாய் திறந்தவள் ஓரகத்திதான். "அப்ப என் கன்னுக்குட்டி எதுக்குச் செத்துச்சு?" என்று அவள் கேட்டதும், "நீ பாலெல்லாம் கறந்து வித்துட்டா கன்னு சாகாம என்னடி பண்ணும்?" என்று பின்னாலிருந்து யார் சொன்னது? அபூயாவின் குரல் மாதிரி இருந்தது. மேல்மடைக்காரிக்கு நம் கூட்டத்தில் என்ன வேலை?

விதைக்கு முன்னால் நான் வடிகாலில் மண்வெட்டி போட்டதைப் பெரியவர் இன்னும் தப்பு என்கிறாரா? அங்கே சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன். விதை என் கையிலிருந்துதான் முதலில் விழ வேண்டும் என்றால், அந்தக் கை முதலில் தான் அடைத்ததைத் திறந்துவிட்டு வர வேண்டும். பத்தாவது வெட்டில் என்னால் முடியாமல் போனபோது நீ வந்து மறுமுனையிலிருந்து வெட்டத் தொடங்கினாய். அப்புறம்தான் மற்றவர்கள் இறங்கினார்கள்.

உனக்கு எழுத வராத அந்த இன்னொரு காரணத்தை வெள்ளி இரவு கேட்கலாம் என்றிருந்தேன். நீ படுத்த உடனே தூங்கிவிட்டாய். அல்லது தூங்குவது போல் கிடந்தாய்.

பெனினா


கொடுரோ,
7 பிப்ரவரி 1988

அக்காவுக்கு,

அறுத்து முடித்தாயிற்று. ஒரே வாரத்தில் நாற்பத்தாறு வீடு. நவம்பரில் குருவி வந்தபோதும் வயல்கள் ஒன்றாகக் கதிர் விட்டதால் விரட்டுவது எளிதாக இருந்தது. மேல்மடையில் இப்போதுதான் கதிர் பழுக்கிறது. ஒகாலோ புது அரிசிச் சோறு மூன்று தட்டுத் தின்றார். "ஒட்டுதா மாமா?" என்று கேட்டேன். "ஒட்டுது ஒட்டுது, இன்னொரு கரண்டி போடு" என்றார்.

வடிகாலை ஆற்றிலிருந்து சதுப்பு வரை தூர் வாரிவிட்டோம். உங்கள் வாசலுக்கு முன்னால் மண் கொட்டாமல் பலகைப் பாலம் போட்டிருக்கிறது. லாரி தாங்கும். இனி யார் செத்தாலும் செத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு வேலை உங்களுக்கு. மார்ச்சிலிருந்து தினமும் அந்த மழைமானி அளவு எங்களுக்கு வேண்டும். காலை எட்டு மணிப் பேருந்தில் சீட்டு அனுப்புங்கள். பத்தரைக்கு இங்கே வந்துவிடும். மலையில் பெய்தது இங்கே வர எத்தனை மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டு எழுதுங்கள், கணக்கு டீச்சர்தானே. மேல்மடை மதகை அபூயா பார்க்கிறாள், கடைமடையை நான். இரண்டு பேரும் பேசிக்கொள்கிறோம். ஆமாம், பேசுகிறோம்.

இன்னொரு காரணம் கேட்டீர்கள். நான் கல்யாணமாகி வந்த வருடம் எனக்கு எழுத்துத் தெரியாது. சாப்பாடு முடிந்த பிறகு அடுப்புச் சாம்பலைத் தரையில் பரப்பி விரலால் எழுதக் கற்றுக் கொடுத்தது யார்? அந்த எழுத்தை வைத்து உங்களைக் காட்டிக் கொடுக்க எனக்கு வரவில்லை. திட்ட வந்தது. அதைத்தான் எழுதினேன்.

ரிஸ்பா


கெரிச்சோ மேடு,
19 ஏப்ரல் 1988, காலை 7.20

ரிஸ்பா,

நேற்று எழுபது. இன்று காலை அளவு எண்பத்தொன்று. போன வருடத்தை விட அதிகம். இன்னும் பெய்கிறது.

கணக்கு: மாலை நான்கிலிருந்து ஆறுக்குள் உங்களிடம் வரும். சதுப்பு மதகை முழுதாகத் திற. அபூயாவிடம் மேல்மடை வாய்க்காலை மூடச் சொல். கீழ்வரிசைக் குழந்தைகளை மேட்டுக்கு அனுப்பிவிடு, தேவையில்லை என்றாலும் அனுப்பு.

ஒச்சோலாவிடம் வழியில் எங்கும் தேநீர் குடிக்க நிற்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

பெ.


கொடுரோ,
20 ஏப்ரல் 1988

அக்காவுக்கு,

சீட்டு பத்தே காலுக்கு வந்தது. ஒச்சோலா தேநீர் குடிக்கவில்லை, இங்கே வந்து என் வீட்டில் இரண்டு குவளை குடித்தார்.

நாலே முக்காலுக்கு ஆறு வந்தது. கரைக்கு ஒரு முழம் கீழே நின்றது. வடிகால் குதிரை மாதிரி ஓடியது. பெண்கள் எல்லோரும் பாலத்தில் நின்று பார்த்தோம். இருட்டுவதற்குள் இறங்கத் தொடங்கிவிட்டது. நான் மண்வெட்டியைக் கையிலேயே வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

இங்கே இரண்டு நாளாக ஒரு தூறல்கூட இல்லை. வந்தது எல்லாம் உங்கள் மழைதான்.

இன்று காலை உங்கள் வீடு இருந்த இடத்துக்குப் போனேன். என் கோழிகள் அங்கே குழி பறித்துப் புழுதியில் குளித்துக்கொண்டிருந்தன. காய்ந்த மண். விரட்டிவிட்டு நான்கு மூலையிலும் கம்பு ஊன்றி வைத்திருக்கிறேன். பள்ளி எப்போது மூடும் என்று எழுதுங்கள். சுவருக்கு மண் குழைக்கப் பதினொரு வீட்டிலும் ஆள் சொல்லியாயிற்று.

ரிஸ்பா